பலியா, சொல் கேட்பதா? எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

ரங்கூனில் ஒரு தமிழ்ச் சபையில் பல வருஷமாக வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். ஒரு வாரம் தாம்வேயில் ஒரு வீட்டில் நடக்கும், இன்னொரு வாரம் திங்கன்ஜுனில். எந்தப் பாடத்தில் ஆரம்பித்தாலும் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்பது இந்த விஷயம்தான்: இவ்வளவு கொடுக்கிறேன், இவ்வளவு உபவாசம் இருக்கிறேன், ஆனாலும் உள்ளே ஏதோ சரியில்லையே, ஏன்? அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள் நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி இருக்கும். கத்தோலிக்க அன்பர்கள் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் சொற்கள் மாறும், விஷயம் ஒன்றுதான்.

"பலியை விட கீழ்ப்படிதல் மேல்"னு எல்லாரும் சொல்றாங்க, அது எங்க இருக்கு, யார் யாருக்குச் சொன்னது?

1 சாமுவேல் 15-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். சாமுவேல் தீர்க்கதரிசி, இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலிடம் நேருக்கு நேர் சொன்னது: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்."

நடந்தது இதுதான். அமலேக்கியர் மேல் போருக்குப் போகும்போது, ஆட்களையும் ஆடு மாடுகளையும் எல்லாம் அழிக்க வேண்டும், எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது சவுலுக்கு வந்த கட்டளை. சவுல் போனான், ஜெயித்தான். ஆனால் அமலேக்கியரின் ராஜா ஆகாகையும், ஆடு மாடுகளில் நல்லவற்றையும் தப்பவிட்டான். சாமுவேல் வந்ததும் சவுல் முந்திக்கொண்டு, "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறான். சாமுவேல் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன? அப்போதுதான் சவுல், அதெல்லாம் பலியிடத்தான் கொண்டு வந்தோம் என்கிறான்.

கடவுளுக்குக் கொடுக்கத்தானே ஆடு கொண்டு வந்தான்? அதுல என்ன தப்பு? நல்ல எண்ணம்தானே?

நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன், சவுல் மேல் பாவமாக இருந்தது. அதிகாரத்தை மெதுவாகப் படித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். 9-ஆம் வசனத்தில் "அற்பமானவைகளும் உதவாதவைகளுமான" பொருட்களை மட்டும் அழித்துப்போட்டார்கள் என்று இருக்கிறது. அதாவது வேண்டாததை அழிப்பதில் கீழ்ப்படிந்தார்கள், வேண்டியதில் இல்லை. 12-ஆம் வசனத்தில் சவுல் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டு வருகிறான், பலிபீடம் கட்டிவிட்டு அல்ல. பேச்சிலும் "உம்முடைய தேவனாகிய கர்த்தருக்கு" என்று சாமுவேலின் கடவுளைப் போலச் சொல்கிறான், என் தேவன் என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. இன்னொன்று: பலிகளில் சமாதானபலி என்று ஒன்று உண்டு, அதில் பெரும்பகுதி இறைச்சியைச் செலுத்தியவர்களே சாப்பிடுவார்கள். பலி என்ற பெயரில் ஒரு பெரிய விருந்தும் நடந்திருக்கும்.

ஆக, கடவுள் கேட்டது ஒன்று. சவுல் கொடுக்க முன்வந்தது வேறொன்று, அதுவும் அவனுடையதே இல்லாத ஆடு. காணிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட விஷயத்தை மறைக்கலாம் என்று பார்த்தான். சாமுவேல் அந்த ராத்திரி முழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான் என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. கோபத்தோடு மட்டும் வந்தவன் அல்ல, ராத்திரியெல்லாம் தூங்காமல் வந்தவன். இதை எடுத்துச் சொல்லும் யாரும் அந்த ராத்திரியை மறந்துவிட்டு வசனத்தை மட்டும் வீசக் கூடாது.

கீழ்ப்படிதல்னா என்ன? அடிமை மாதிரி தலையாட்டுறதா?

நம் தமிழிலேயே பதில் இருக்கிறது. "அந்தப் பையன் சொன்னா கேட்பான்" என்கிறோம். காது நன்றாகக் கேட்கும் என்றா அர்த்தம்? சொன்னதைச் செய்வான் என்று அர்த்தம். எபிரெயு மொழியிலும் இப்படித்தான், 'ஷமா' என்ற ஒரே சொல் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். நாம் தினமும் பேசுகிற பர்மியத்திலும் 'நாதௌங்' என்றால் கேள் என்றும் ஆகும், சொன்னபடி செய் என்றும் ஆகும். மூன்று மொழியிலும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்த நாள் முதல் இந்த வசனம் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. யார் பேசுகிறார் என்று தெரிந்து, அவர் மேல் நம்பிக்கை வைத்து, காது கொடுத்து, அப்புறம் கையும் காலும் அதன்படி போவது. அடிமைக்கு எஜமான் மேல் நம்பிக்கை தேவையில்லை, பயம் போதும்.

சவுல் கடைசியில் ஒப்புக்கொள்ளும் வார்த்தையைப் பாருங்கள், 24-ஆம் வசனம்: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." அதே 'கேட்டேன்'. அவன் கேட்காதவன் இல்லை, கேட்டான், ஆனால் ஊர் சொல்லைக் கேட்டான்.

அப்ப காணிக்கை, தசமபாகம், உபவாசம் எதுவும் வேண்டாம்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்தில் கறாராக இருந்த பரிசேயர்கள் தோட்டத்துப் புதினாவில்கூட பத்தில் ஒன்று கொடுத்தார்கள், நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள். இயேசு அவர்களிடம், இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடக் கூடாது என்றுதான் சொன்னார் (மத்தேயு 23:23). கொடுக்காமல் இருக்க இந்த வசனத்தைக் காரணம் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களும் சவுல் செய்ததைத்தான் வேறு வழியில் செய்கிறார்கள்.

ஆனால் எது முதலில் என்பதில் தெளிவு வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது எங்கள் சபையில் ஆலயத்துக் கூரைக்கென்று சேர்த்து வைத்த பணம் இருந்தது. கடவுளுக்கென்று பிரித்த பணத்தைத் தொடலாமா என்று ஒரு தயக்கம். வயதான ஒரு மூப்பர் எழுந்து, "கர்த்தர் வீட்டுக்குக் கூரை இல்லாவிட்டால் அவர் நனைய மாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வாரமே அரிசியும் தார்ப்பாயும் வாங்கினோம். அப்புறம் இரண்டு மழைக்காலம் ஒழுகுகிற கூரைக்குக் கீழேதான் பாடினோம். என் நினைவில் எங்கள் சபை அவ்வளவு நன்றாகப் பாடியது அந்த இரண்டு வருஷத்தில்தான்.

பலி கொடுங்கன்னு சொன்னதே கடவுள்தானே? அப்புறம் ஏசாயா, ஆமோஸ்ல அவரே வெறுக்கிறேன்னு சொல்றாரே, பேச்சை மாத்துறாரா?

நல்ல கேள்வி, இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏசாயா முதல் அதிகாரத்தில் "உங்கள் பலிகளின் திரள் எனக்கு என்னத்துக்கு" என்று கேட்கிறார். ஏன் என்று 15-ஆம் வசனத்தில் காரணம் இருக்கிறது: "உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது." ஜெபிக்கத் தூக்கிய அதே கை. ஆமோஸ் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறவர். தெக்கோவா ஊர் மந்தைக்காரர், படித்த தீர்க்கதரிசி பரம்பரை இல்லை, வடக்கே பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். அவர் பார்த்தது என்ன? எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறார்கள். தராசில் கள்ளம். அடமானமாக வாங்கிய துணியை விரித்து அதன் மேல் படுத்துக்கொண்டு, பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே ஆராதனை (ஆமோஸ் 2:8). ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடு, ராத்திரி குளிருக்கு அவனுக்கு வேறில்லை என்பது யாத்திராகமம் 22-இல் உள்ள கட்டளை. அந்தப் போர்வை மேல் உட்கார்ந்து பாடினால் பாட்டு எப்படி மேலே போகும்?

அதனால்தான், உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரட்டும் என்கிறார். ஐராவதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு வற்றாத நதி என்பது அதிசயமாகத் தெரியாது. ஆமோஸ் வாழ்ந்த பக்கத்தில் மழை பெய்தால் ஓடி, மறுபடி காய்ந்து மணலாகிவிடும் ஓடைகள்தான் அதிகம். பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் வரும் நீதி அந்த ஓடை மாதிரி. வருஷம் முழுக்க ஓட வேண்டும் என்கிறார்.

கடவுள் பேச்சை மாற்றவில்லை. பலியைப் பற்றிய சட்டத்துக்குள்ளேயே இது இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். ஒருவன் அடுத்தவனை ஏமாற்றி எதையாவது எடுத்திருந்தால், முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும், அதுவும் குற்றநிவாரணபலி இடும் அதே நாளில். ஒரு லட்சம் கியாட் ஏமாற்றியிருந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை அந்த ஆள் கையில் வைத்துவிட்டு ஆட்டைக் கொண்டு வா. அந்த ஒரு லட்சத்தில் பத்தாயிரத்தை உண்டியலில் போட்டால் சரியாகிவிடும் என்று எங்கும் இல்லை.

ஏழைங்க என்ன பண்றது? பெருசா கொடுக்கிறவங்களுக்குத்தான சபையில மரியாதை?

சட்டத்திலேயே ஆட்டுக்குட்டி முடியாதவருக்கு இரண்டு புறாக்கள், அதுவும் முடியாதவருக்குக் கொஞ்சம் மாவு என்று இறங்கிக்கொண்டே போகிறது (லேவியராகமம் 5). இயேசு பிறந்த பிறகு யோசேப்பும் மரியாளும் கொண்டுபோனதும் அப்படி ஆட்டுக்குட்டி முடியாதவருக்கான பறவைக் காணிக்கைதான். மரியாதை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அது எங்கள் தவறு, சபை நடத்துகிறவர்களின் தவறு. இரண்டு காசு போட்ட விதவையை எல்லாப் பிரசங்கத்திலும் சொல்கிறோம், அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிடுகிறோம்: விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் என்று வேதபாரகரைப் பற்றி இயேசு சொன்னது (மாற்கு 12:40). இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறு பாடம் கிடைக்கும்.

சொந்தத் தம்பியோட பேச்சு இல்ல, ஆனா மாசா மாசம் உபவாசம் இருக்கேன். ஜெபம் கேட்கப்படுமா?

இதை என் கதையிலிருந்தே சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோனது. ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்திலும் நான் வகுப்பு எடுத்தேன், தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒரு வேளை சாப்பாட்டோடு இருந்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, பக்தியுள்ள ஆள் என்றுதான் சொன்னார்கள். ஒரு நாள் மத்தேயு 5:23-ஐ வகுப்பில் வாசிக்கும்போது குரல் வரவில்லை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, அவனுக்கு என்மேல் குறை இருந்தால். நான் ஆறு வருஷமும் என் குறையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில், நடந்து போனால் சில நாள் பயணம். காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சமாதானமாகி, மறுபடி எருசலேம் போவது என்றால் ஒரு வாரம் போய்விடும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியும். அவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லை, காணிக்கை காத்திருக்கட்டும் என்கிறார். என் அண்ணன் வீடு எனக்கு நாற்பது நிமிஷ பஸ் தூரம். போனேன். அண்ணன் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். பங்கு விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, ஆனால் பேசுகிறோம். உங்கள் ஜெபம் கேட்கப்படுமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது, தம்பி வீட்டுக்குப் போகும் அந்த பஸ்ஸிலேயே ஜெபிக்கலாம் என்பதுதான்.

அம்மாவுக்கு மருந்து வாங்கணும். ஆனா கட்டட நிதிக்கு இவ்வளவு தரேன்னு பேர் கொடுத்துட்டேன். எது முதல்ல?

அம்மா. இதில் யோசிக்கவே வேண்டாம். மாற்கு 7-இல் 'கொர்பான்' என்று ஒரு சொல் வருகிறது, காணிக்கை என்று பொருள். பெற்றோருக்குத் தர வேண்டியதை "கொர்பான், அது கடவுளுக்குக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிக் கைகழுவிய பழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டித்தார். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பது கற்பலகையில் எழுதின கட்டளை, அதைத் தள்ளிவிட்டுக் கொடுத்த காணிக்கையை அவர் தம்முடையதாகவே ஏற்கவில்லை. நிதிக்குப் பொறுப்பானவரிடம் போய், இப்போது முடியவில்லை ஐயா என்று நேராகச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

பொருத்தனை பண்ணிட்டு நிறைவேத்த முடியலன்னா சாபமா?

நம் ஆட்கள் அவசரத்தில் பொருத்தனை செய்வார்கள். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது ஞாங்லேபின் மாதா கோவிலுக்கு பிப்ரவரி திருவிழாவில் நடந்தே வருகிறேன் என்று கத்தோலிக்க அக்கா சொல்வார், நம் சபை அக்கா ஒரு மாத சம்பளத்தைத் தருகிறேன் என்பார். பயத்தில் வந்த வார்த்தை அது, கடவுளுக்கும் அது தெரியும்.

நேர்ந்துகொண்டதைச் செலுத்து, செலுத்த முடியாததை நேர்ந்துகொள்ளாதே என்பது பிரசங்கி 5-இன் அறிவுரை, அதே அதிகாரத்தின் முதல் வசனமே மூடர் பலியிடுவதைவிட செவிகொடுக்கப் போவது நல்லது என்கிறது. அதனால் முடிந்தால் செய்யுங்கள். முடியவில்லை என்றால், லேவியராகமம் 27:8-இல் பொருத்தனைத் தொகையைக் கட்ட முடியாத ஏழை ஆசாரியனிடம் வர வேண்டும், ஆசாரியன் அவன் திராணிக்குத் தக்கபடி மதிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. வழி அங்கேயே வைத்திருக்கிறார். சாபம் என்று பயமுறுத்துகிற ஆட்களிடம் போகாதீர்கள். முக்கியமாக, பொருத்தனையைக் காப்பாற்ற இன்னொருவரை நோகடிக்காதீர்கள். யெப்தா தன் வாயிலிருந்து வந்த வார்த்தைக்காகத் தன் ஒரே மகளை இழந்த கதை நியாயாதிபதிகள் 11-இல் இருக்கிறது, கடவுள் அவனிடம் அப்படி ஒன்றைக் கேட்டதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

தீமிதிக்கிற, காவடி எடுக்கிற சொந்தக்காரங்ககிட்ட இந்த வசனத்தைக் காட்டலாமா?

வேண்டாம். ஏசாயாவும் ஆமோஸும் சாமுவேலும் பேசியது சொந்த ஜனத்திடம், கர்த்தரை அறிந்தோம் என்று சொன்னவர்களிடம். அடுத்த வீட்டுக்காரரைக் குத்துவதற்கு அந்த வார்த்தைகள் தரப்படவில்லை. என் சித்தி மகன் ஒவ்வொரு வருஷமும் தீமிதிக்கிறான், அதற்கு முன் பல நாள் விரதம், குடி கிடையாது, வீட்டில் சண்டை கிடையாது. அந்த ஒழுங்கைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். நம் விசுவாசத்தை அவனிடம் சொல்ல வேண்டுமானால் அன்பாக, நேரம் பார்த்துச் சொல்லலாம், இந்த வசனத்தைக் கல்லாக எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பர்மாக்காரங்க குத்தோ கிடைக்கும்னு தானம் பண்றாங்க. நாம காணிக்கை போடறதும் அந்த மாதிரி புண்ணியக் கணக்குதானே?

பௌத்த நண்பர்கள் தானம் செய்வதில் நம்மைவிடத் தாராளமானவர்கள், காலையில் பிட்சைக்கு வரும் துறவிகளுக்குச் சோறு வைக்காத தெரு இங்கே அபூர்வம். அவர்களுடைய வழியில் குத்தோ என்ற புண்ணியத்துக்கு என்ன பொருள் என்று விளக்க நான் ஆள் இல்லை. நம்மைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: நம் வேதத்தில் கடவுளிடம் கணக்குப் புத்தகம் திறந்து, இவ்வளவு போட்டேன், இவ்வளவு கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வழியில்லை. சங்கீதம் 50-இல், காட்டு மிருகம் எல்லாம் என்னுடையது, எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்லுவேன் என்கிறார். எல்லாம் அவருடையது என்றால் அவரிடம் எதைக் கட்டிக் கடனாளியாக்க முடியும்? பிள்ளை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்து அப்பாவுக்கே பிறந்தநாள் பரிசு வாங்குவது மாதிரிதான் நம் காணிக்கை. அப்பாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதனால் அவர் பிள்ளைக்குக் கடன்பட்டவர் ஆக மாட்டார்.

கீழ்ப்படிஞ்சா கஷ்டம் தீருமா?

தீரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. தானியேல் 3-இல் மூன்று வாலிபர்கள் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் உமது சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். அந்த 'விடுவிக்காமல் போனாலும்' என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது.

பாஸ்டர் சொல்றது கடவுள் சொல்றதுதானே? அவருக்கும் அப்படியே கீழ்ப்படியணுமா?

போதகரை மதிக்க வேண்டும், அவர் சொல்வதைத் திறந்த மனதோடு கேட்க வேண்டும். ஆனால் பவுல் பேசியதையே பெரோயா ஊரார் தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. மூப்பர்கள் மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது என்று பேதுருவே எழுதியிருக்கிறார். ஒருவர் "கர்த்தர் சொன்னார், நகையைக் கழற்றிக் கொடு" என்றாலோ, வீட்டில் யாருக்கும் சொல்லாதே என்றாலோ, பெண் பிள்ளைகளைத் தனியாக வரச் சொன்னாலோ, அதைக் கேட்காமல் இருப்பதுதான் கீழ்ப்படிதல். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" (அப்போஸ்தலர் 5:29). சவுல் எங்கே தவறினான் என்று மூன்றாவது கேள்வியில் பார்த்தோம், மனிதருக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்ட இடத்தில்.

அப்ப கீழ்ப்படிஞ்சாத்தான் இரட்சிப்பா? கிருபைன்னு சொல்றது என்ன ஆச்சு?

கீழ்ப்படிதலையே இன்னொரு பலியாக ஆக்கிவிடும் ஆபத்து இருக்கிறது, இதைக் கேட்டவர் அதைச் சரியாகப் பிடித்தார். நான் இவ்வளவு சொல் கேட்டேன், எனக்கு என்ன தருவீர் என்று நின்றால் சவுலின் ஆடு மறுபடி கத்த ஆரம்பித்துவிடும். எபிரெயர் 10-இல் கிறிஸ்து உலகத்துக்கு வரும்போது, பலியை நீர் விரும்பவில்லை, இதோ உம்முடைய சித்தத்தைச் செய்ய வருகிறேன் என்று சொல்வதாக இருக்கிறது. முழுதாகச் சொல் கேட்டவர் அவர் ஒருவர்தான், நாம் நிற்பது அவர் செய்ததன் மேல். நம் கீழ்ப்படிதல் அதற்கு நன்றி. வீட்டில் பிள்ளை சொல் கேட்பது பிள்ளையாக ஆவதற்காக இல்லையே, ஏற்கெனவே பிள்ளை என்பதால்தானே.

சங்கீதம் 51-ல தாவீது "பலியை நீர் விரும்புகிறதில்லை"ங்கிறான், மூணு வசனம் தள்ளி பலி செலுத்துவாங்கன்னு சொல்றான். முரண்பாடு இல்லையா?

வரிசையைப் பாருங்கள். சவுலுக்குப் பிறகு ராஜாவான தாவீது, 16-இல் பலியால் இதைச் சரிக்கட்ட முடியாது என்கிறான், செய்தது அவ்வளவு பெரிது: பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் உரியாவைப் போரில் சாகவிட்டான், அதற்கு எந்த ஆட்டைக் கொண்டு வருவது? 17-இல் நொறுங்குண்ட இருதயம். 19-இல் "அப்பொழுது" பலி. உள்ளம் திரும்பிய பிறகு பலிக்கு அதன் இடம் கிடைக்கிறது, நாலாவது கேள்வியில் சொன்ன வரிசைதான்.

சவுலும் தாவீதும் இரண்டு பேருமே "பாவஞ்செய்தேன்" என்று சொன்னவர்கள். சவுல் அடுத்த மூச்சில், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான் (1 சாமுவேல் 15:30). தாவீதின் வார்த்தைகளோ இராகத்தலைவனிடம் போய், எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டன. ஒருவன் முகத்தைக் காப்பாற்றப் பார்த்தான், இன்னொருவன் ஊரறியப் பாடக் கொடுத்தான்.

அமலேக்கியரை எல்லாம் கொல்லுன்னு சொன்னதுக்குக் கீழ்ப்படியறதுதான் நல்லதா? மனசு ஒத்துக்கல.

என் மனதுக்கும் அது பாரம்தான், வகுப்பில் இதைக் கேட்ட பையனை யாரும் அடக்கக் கூடாது என்று சொன்னேன். எகிப்திலிருந்து களைத்து வந்தவர்களில் பின்தங்கிய பலவீனரை அமலேக்கியர் தாக்கினார்கள் என்று உபாகமம் 25 சொல்கிறது, அது பின்னணி. அது போதுமான பதிலா என்றால், எனக்குப் போதவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்தக் கட்டளை அந்தக் காலத்தில் அந்த ஒரு ராஜாவுக்கு வந்தது, அதை எடுத்து இன்று யார்மேலும் யாரும் கை ஓங்கக் கூடாது. நமக்கு வந்திருக்கும் கட்டளை சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்பது, பேதுரு பட்டயத்தை உருவியபோது அதை உறையிலே போடு என்பது. யாராவது கடவுள் பெயரைச் சொல்லி ஆளைக் கொல்லச் சொன்னால் அது நம் ஆண்டவர் குரல் இல்லை.

மனசே இல்லாம கீழ்ப்படிஞ்சா அது கணக்குல வருமா?

மத்தேயு 21-இல் இரண்டு மகன்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொல்ல, ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் மனஸ்தாபப்பட்டுப் போனான். இன்னொருவன் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தகப்பன் சித்தப்படி செய்தவன் யார் என்று கேட்டால் பதில் எல்லாருக்கும் தெரியும். மனசு பின்னால் வந்து சேரட்டும், காலை முதலில் எடுத்து வையுங்கள். கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் என்று வேர்வை இரத்தத் துளிகளாக விழ வேண்டினார். சிரித்த முகத்தோடுதான் கீழ்ப்படிய வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்தத் தோட்டத்தை மறந்துவிட்டார்கள்.

எல்லாம் சரி, எனக்குக் கடவுள் என்ன சொல்றார்னு எப்படித் தெரியும்? சாமுவேல் மாதிரி யாரும் வந்து சொல்லலையே?

பெரும்பாலும் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது, ஏற்கெனவே சொன்ன ஒன்று நம்மிடம் செய்யாமல் கிடக்கும். நான் கேட்பவரிடம் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன்: உபவாசம் இருக்கும்போது எந்த நினைவு வந்தால் உடனே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள்? திருப்பிக் கொடுக்காத கடனா, சொல்லாத உண்மையா, ஒரு ஆளின் முகமா?

போன வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவிடமும் அதையே கேட்டேன். பதில் சொல்லவில்லை, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மனதை நோகடித்துவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. அவர் மகளிடம் விசாரித்தேன். அம்மா மோல்மேனுக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறார், பதினோரு வருஷமாகப் பேசாத தங்கச்சி வீட்டில் இருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்லவில்லை என்றாள். அந்த மாத உபவாசக் கூட்டத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு பாயை விரித்து வைத்துவிட்டுத்தான் ஜெபத்தை ஆரம்பித்தோம்.